திரையில் பூஜ்யம், தொட்டியில் கொதி: தானியங்கி மின் பீர் காய்ச்சும் அமைப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வீட்டில் பீர் காய்ச்சச் சட்டம் அனுமதிக்கும் ஓரிடத்தில் நண்பர்கள் இருவர் நெடுநாளாக எரிவாயு அடுப்பில் அந்த வேலையைச் செய்துவந்தார்கள். ஒருவர் எஃகுப் பட்டறை நடத்துபவர், மற்றவர் மென்பொருள் எழுதுபவர். இங்கே பட்டறைக்காரர், நிரலாளர் என்றே குறிப்பிடுகிறேன். பீர் நன்றாகத்தான் வந்தது; ஆனால் ஒருமுறை வந்த பீர் மறுமுறை வரவில்லை.

காரணம் வெப்பம். முளைகட்டிய தானியமான மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் கட்டத்தை மாஷ் என்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் மால்ட்டில் உள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. பீட்டா அமைலேஸ் என்ற நொதி 62 முதல் 65 டிகிரி வரை சுறுசுறுப்பாக இருக்கும், 70 டிகிரியைத் தாண்டினால் விரைவில் செயலிழக்கும். ஈஸ்ட் எளிதில் தின்னும் சர்க்கரையைப் பெரும்பாலும் தருவது அதுதான். ஆல்ஃபா அமைலேஸ் அதைவிட அதிக வெப்பத்தைத் தாங்கும். ஆனால் அது உண்டாக்கும் நீண்ட சங்கிலிகளில் ஒரு பகுதியை ஈஸ்ட் தொடுவதில்லை. ஆகவே 64 டிகிரியில் பிடித்தால் ஒரு பீர், 69 டிகிரியில் பிடித்தால் வேறொரு பீர். அடுப்புத் தீயைக் கையால் கூட்டிக் குறைப்பவருக்கு இந்த ஐந்து டிகிரி இடைவெளி மிகவும் குறுகலானது.

வெப்பத்தை மின்சாரத்தால் கட்டுப்படுத்தினால் இந்தத் தொல்லை தீரும் என்று முடிவுசெய்தார்கள். தொட்டி வேலை ஒருவருக்கு, நிரல் வேலை மற்றவருக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். தொழிற்சாலைக் கருவிகளின் பராமரிப்பில் வேலை செய்பவன் என்பதால், பின்னால் விவரிக்கப்போகும் நிகழ்வுக்குப் பிறகு என்னை அழைத்தார்கள். அதற்கு முந்தைய பகுதிகளை அவர்களுடைய பதிவுகளையும் விளக்கத்தையும் கொண்டு எழுதுகிறேன்.

அமைப்பின் வடிவம்

மூன்று எவர்சில்வர் தொட்டிகள். முதலாவது வெந்நீர்த் தொட்டி, அடுத்தது மாஷ் தொட்டி, மூன்றாவது கொதிகலன். வெந்நீர்த் தொட்டிக்குள் ஒரு எஃகுச் சுருள் இருக்கிறது. மாஷ் தொட்டியின் அடியிலிருந்து வடியும் இனிப்புச் சாறான வோர்ட்டை ஒரு பம்ப் இழுத்து, அந்தச் சுருள் வழியே அனுப்பி, மீண்டும் மால்ட்டின் மேல் ஊற்றும். வோர்ட் நேரடியாக ஹீட்டரைத் தொடுவதில்லை என்பதால் கருகாது. நல்ல வடிவம், உலகெங்கும் வீட்டில் காய்ச்சுபவர்கள் பலர் பயன்படுத்துவது.

வெந்நீர்த் தொட்டியிலும் கொதிகலனிலும் ஒவ்வொரு ஹீட்டர். இரண்டிலும் 240 வோல்ட்டுக்கு 5500 வாட் என்று பொறித்திருந்தது. அவர்களுக்குக் கிடைத்த 230 வோல்ட்டில் அது சுமார் 5050 வாட்டே தரும். 22 ஆம்பியர் இழுக்கும். வந்த மின்இணைப்போ 32 ஆம்பியர். இரண்டையும் ஒன்றாகப் போட முடியாது என்பதால், ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும்படி தேர்வுச் சுவிட்ச் வைத்தார்கள். இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளர் எம்சிபியும் (மின்னோட்டம் மிகுந்தால் விழும் சுவிட்ச்) 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு இருந்தால் விழும் சுவிட்ச்) வைத்துக் கொடுத்தார். அதற்கு இப்பாலுள்ள பேனல் நண்பர்களின் கைவேலை.

பேனலுக்குள் ஒரு சிறு கணினிப் பலகை, ஹீட்டருக்கு ஒன்றாக இரண்டு சாலிட் ஸ்டேட் ரிலேக்கள் (அசையும் பாகமில்லாத மின்னணு சுவிட்ச்சுகள்), டிஎஸ்18பி20 வகை வெப்ப சென்சார்கள். இலக்குக்கும் அளவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு வெப்பத்தைச் சீராக்கும் பிஐடி முறையில் நிரல் கணக்கிட்டு, இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஹீட்டர் எத்தனை விழுக்காடு நேரம் ஓடவேண்டும் என்று ரிலேக்குச் சொல்லும். முகப்பில் ஒரு சிவப்பு அவசரப் பொத்தான். அந்தப் பொத்தான் எதைத் துண்டிக்கிறது என்ற கேள்வி பின்னால் வரும்.

முதல் அறிகுறி: இனிப்பு நின்ற பீர்

முதல் சில காய்ச்சல்களின் வரைபடங்களை எனக்குக் காட்டினார்கள். மாஷ் வெப்பம் 66 டிகிரியில் கோடு போட்டதுபோல நின்றது. நிரலாளருக்கு அந்தக் கோட்டின் மேல் பெரிய பெருமை, நியாயமானதுதான். ஆனால் பீர் ஒத்துழைக்கவில்லை. தண்ணீரை 1.000 என்று வைத்து அளக்கும் அடர்த்தி, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன இறங்கும். 1.050 அடர்த்தியில் தொடங்கி 1.011 அளவில் நொதித்து முடியவேண்டியது 1.018 இல் நின்றுவிட்டது. ஈஸ்ட்டை மாற்றினார்கள், அளவைக் கூட்டினார்கள், நொதிக்கும் அறையை வெதுவெதுப்பாக்கினார்கள். எண் நகரவில்லை.

பட்டறைக்காரர் ஒருநாள் சமையல் தெர்மாமீட்டர் ஒன்றைச் சுருளிலிருந்து திரும்பி வரும் குழாயின் வாயில் பிடித்துப் பார்த்தார். திரை 66 காட்டியது. கையிலிருந்தது 73 காட்டியது.

கட்டுப்பாட்டுக்குப் பயன்பட்ட சென்சார் மால்ட் படுகையின் நடுவில் ஓர் உறைக்குள் இருந்தது. குளிர்ந்த மால்ட்டைக் கொட்டியதும் படுகை 61 டிகிரிக்கு இறங்கும். சுருளில் ஏறும் சூடு படுகையின் நடுவுக்கு வந்துசேரப் பல நிமிடங்கள் ஆகும். அதுவரை நிரல் ‘இன்னும் போதவில்லை’ என்று கூட்டிக்கொண்டே போகும். பிஐடியின் தொகுப்புப் பகுதி அந்தக் குறையை எல்லாம் சேர்த்துவைத்துக்கொள்ளும். வெந்நீர்த் தொட்டி 76 வரை போனது. நொதிகள் மால்ட்டோடு ஒட்டிக்கொண்டு உட்காருவதில்லை. வோர்ட்டில் கரைந்து அதோடு சுற்றுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் அவை அந்த 73 டிகிரியைக் கடந்தாக வேண்டும். படுகை 66 இல் அமைதியாக இருந்தபோது பீட்டா அமைலேஸ் குழாயில் அழிந்துகொண்டிருந்தது.

கட்டுப்பாட்டுச் சென்சாரைச் சுருளின் வெளிவாயிக்கு மாற்றினார்கள். வெந்நீர்த் தொட்டி மாஷ் இலக்கைவிட 3 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று நிரலில் ஓர் உச்சவரம்பும் வைத்தார்கள். படுகை இலக்கை எட்டக் கூடுதல் நேரம் பிடித்தது. அடுத்த பீர் 1.012 இல் முடிந்தது. சரியான முடிவு, சரியான காரணத்துக்காக எடுத்தது. ஆனால் அந்த உச்சவரம்பு நிரலுக்குள் எழுதிய ஒரு வரி மட்டுமே என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை. வரம்பு வைத்தாயிற்று என்ற நிம்மதி மட்டும் இருவருக்கும் வந்துவிட்டது.

ரிலே கைவிட்ட நாள்

சில மாதங்கள் சிக்கலின்றி ஓடியது. பிறகு ஒரு காய்ச்சலில், மாஷ் பாதி கடந்த நிலையில், வெந்நீர்த் தொட்டியின் வெப்பம் ஏறத் தொடங்கியது. பட்டறைக்காரர் வெளியே நொதிகலனைக் கழுவிக்கொண்டிருந்தார். நிரலாளர் அருகில் இருந்தாலும் திரையில் ‘ஹீட்டர் 0 விழுக்காடு’ என்று இருந்ததால், சென்சார்தான் உளறுகிறது என்று எண்ணினார். அந்த ஊகம் இயல்பானது: அந்த அமைப்பில் அதுவரை கெட்டதெல்லாம் சென்சார்கள்தான்.

சென்சாரின் இணைப்பை அசைத்துப் பார்த்தார். வெப்பம் ஏறிக்கொண்டே இருந்தது. திரையில் ‘நிறுத்து’ என்பதை அழுத்தினார்; திரை ‘நின்றது’ என்று பதில் சொன்னது. தொட்டியின் மூடியைத் திறந்தபோது ஹீட்டரைச் சுற்றி நீர் இரையும் ஒலி கேட்டது. உடனே சிவப்புப் பொத்தானை அடித்தார். திரை அணைந்தது. பம்ப் நின்றது. இரைச்சல் நிற்கவில்லை.

குரல் கேட்டு ஓடிவந்த பட்டறைக்காரர் சுவரில் இருந்த எம்சிபியைத் தட்டினார். அப்போதுதான் ஹீட்டர் நின்றது. பொத்தானை அடித்தபோது பதிவும் நின்றுபோனதால் அதற்குப் பிந்தைய வெப்பம் தெரியவில்லை. அதற்கு முந்தைய கடைசிப் பதிவில் வெந்நீர்த் தொட்டி 83 டிகிரி, சுருளின் வெளிவாய் 77 டிகிரி.

5050 வாட் ஹீட்டர் 40 லிட்டர் தண்ணீரை நிமிடத்துக்குச் சுமார் 1.8 டிகிரி ஏற்றும். வெப்பத்தில் ஒரு பங்கு சுருள் வழியே மாஷுக்குப் போனதால் பதிவில் தெரிந்த வேகம் சற்றுக் குறைவு. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்ததால் யாருக்கும் காயமில்லை, எதுவும் எரியவில்லை. இதே பழுது தொட்டியைக் காலிசெய்த பிறகு வந்திருந்தால், நீரில்லாத ஹீட்டர் சில நிமிடங்களில் சிவக்கக் காய்ந்திருக்கும். அன்றைய வோர்ட்டைப் பழைய எரிவாயு அடுப்பில் காய்ச்சி முடித்தார்கள். அது குடிக்கத் தகுந்த பீர்தான், அவர்கள் திட்டமிட்ட பீராக இருக்கவில்லை.

பிரித்துப் பார்த்ததில்

மின்சாரத்தை முழுவதும் துண்டித்து, ரிலேயின் வெளிமுனைகளை மல்டிமீட்டரால் அளந்தோம். உள்முனையில் எந்தக் கட்டளையும் இல்லாமலே வெளிமுனைகள் இணைந்திருந்தன. சாலிட் ஸ்டேட் ரிலே கெட்டால் பெரும்பாலும் இப்படித்தான் கெடும்: திறந்து போகாது, மூடிக்கொள்ளும். பல்பு ஃபியூஸ் போனால் விளக்கு அணையும் என்று பழகிய மனம், கெட்டுப்போன பொருள் வேலையை நிறுத்தும் என்றே எதிர்பார்க்கும். இந்தப் பொருள் கெட்டால் வேலையை நிறுத்த மறுக்கும்.

கெட்டதற்கான காரணம் வெகுதூரத்தில் இல்லை. ஓடும்போது இத்தகைய ரிலே ஆம்பியருக்கு ஒரு வாட்டுக்குச் சற்று மேல் வெப்பமாக விரயம் செய்யும். 22 ஆம்பியருக்கு ஏறத்தாழ 25 வாட். அதை வெளியேற்ற வேண்டிய, இறகுகள் கொண்ட உலோகக் கட்டியான ஹீட் சிங்க் மூடிய பெட்டிக்குள்ளேயே இருந்தது. பெட்டியோ கொதிகலனுக்குப் பக்கத்துச் சுவரில், ஆவி படும் உயரத்தில். ரிலேயின் சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் பாதிப் பரப்பில்தான் ஒட்டியிருந்தது. ரிலேயின் மேல் 40 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது உண்மையே. ஆனால் ஹீட் சிங்க் குளிர்ச்சியாக இருக்கும்போது பொருந்தும் எண் அது. சூடு ஏற ஏற அந்தத் திறன் குறையும். ஒவ்வொரு காய்ச்சலின் தொடக்கத்திலும் தண்ணீரைச் சூடாக்க அரை மணி நேரம் முழுச் சுமை ஓடும். அந்த அரை மணி நேரங்கள் சேர்ந்து ரிலேயைத் தின்றுவிட்டன.

சிவப்புப் பொத்தான் கணினிப் பலகைக்கும் பம்புக்கும் போகும் மின்சாரத்தைத்தான் துண்டித்தது. கட்டளை நின்றால் ஹீட்டர் நிற்கும் என்ற கணக்கில் பொருத்தியது. ரிலே நல்ல நிலையில் இருக்கும்வரை அந்தக் கணக்கு சரி. அவசரப் பொத்தான் தேவைப்படும் நாளோ ரிலே நல்ல நிலையில் இல்லாத நாள்.

இரண்டு நிகழ்வுகளுக்கும் வேர் ஒன்றே என்பது என் கருத்து. முதலாவதில் சென்சார் இருந்த இடத்தின் வெப்பத்தை நொதிகள் பட்ட வெப்பமாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவதில் நிரல் இட்ட கட்டளையை ஹீட்டரின் நிலையாக எடுத்துக்கொண்டார்கள். திரையில் இருந்த ‘0 விழுக்காடு’ ஓர் அளவீடு போலத் தோன்றியது. உண்மையில் அது ஒரு விருப்பம். ஹீட்டரில் மின்சாரம் ஓடுகிறதா என்று அளக்க அந்தப் பேனலில் எதுவுமே இல்லை.

எடுத்த முடிவுகள்

நிரலாளர் முதலில் கேட்டது நிரலில் எச்சரிக்கை மணி சேர்ப்பதைத்தான். சேர்க்கலாம், ஆனால் மணி ஹீட்டரை அணைக்காது. நிரல் உறைந்தாலும், ரிலே ஒட்டிக்கொண்டாலும், ஆளே இல்லாவிட்டாலும் மின்சாரம் தானாக விழவேண்டும். அதற்கு நிரலைக் கேட்காத ஒரு வழி வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு ஹீட்டருக்கும் முன்னால் இருமுனை கான்டாக்டர் ஒன்று வைத்தோம்; தன் காயிலில் மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே மூடியிருக்கும் மின்காந்த சுவிட்ச் அது. அதன் காயிலுக்குப் போகும் மின்சாரம் ஒரு தொடர் சங்கிலியைக் கடந்து போகும். சிவப்புப் பொத்தான், வெந்நீர்த் தொட்டியின் வெளிச்சுவரில் கட்டிய 90 டிகிரி தெர்மோஸ்டாட், நீர்மட்ட மிதவைச் சுவிட்ச், நிரல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் காவல் ரிலே ஆகிய எல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. ஏதேனும் ஒன்று திறந்தால் கான்டாக்டர் விழும். தெர்மோஸ்டாட் கையால் மீட்டமைக்கும் வகை. ஆறியதும் தானே திரும்ப ஒட்டிக்கொள்ளும் வகையை வேண்டாம் என்றோம், ஏனெனில் அது பழுதை மறைத்துக்கொண்டே ஓடும். கான்டாக்டருக்குத் தொடக்கப் பொத்தானும், பொத்தானை விட்ட பின்னும் அதை மூடியே வைத்திருக்கும் ஹோல்டிங் கான்டாக்ட்டும் கொடுத்தோம். மின்தடை வந்து மின்சாரம் திரும்பினால் ஹீட்டர் தானாக எழாது. ஒரு மனிதர் வந்து பொத்தானை அழுத்த வேண்டும்.

கான்டாக்டர் வேறொரு காரணத்துக்கும் தேவை. அணைந்த நிலையிலும் சாலிட் ஸ்டேட் ரிலே வழியே சில மில்லி ஆம்பியர் கசியும். அதை மட்டும் நம்பி ஹீட்டர் முனையில் கைவைக்கக் கூடாது.

ஹீட் சிங்க்கைப் பெட்டிக்கு வெளியே, இறகுகள் செங்குத்தாக நிற்கும்படி பொருத்தினோம். பேனலைக் கொதிகலனிலிருந்து தள்ளி எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். ஒவ்வொரு ஹீட்டர் ஒயரிலும், அதில் ஓடும் மின்னோட்டத்தை அளக்க ஒரு கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர் மாட்டினோம். கட்டளை பூஜ்யமாக இருக்கும்போது மின்னோட்டம் தெரிந்தால் காவல் ரிலே விழும். திரையிலும் ‘கட்டளை’, ‘மின்னோட்டம்’ என்று தனித்தனி எண்கள் வந்தன. மொத்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இந்தக் கடைசி ஒன்று.

கொதிகலனுக்கு இதே பாதுகாப்பு பொருந்தவில்லை. கொதிப்பதே அதன் வேலை என்பதால் 90 டிகிரி தெர்மோஸ்டாட்டுக்கு அங்கே இடமில்லை. மிதவைச் சுவிட்ச்சில், பீருக்குக் கசப்புத் தரும் ஹாப்ஸ் பூக்களின் துணுக்குகள் சிக்கும். பொங்கி வழிவதைக் கவனிக்கவும் ஆள் வேண்டும். கொதி நடக்கும்போது ஒருவர் அருகிலேயே இருப்பது என்று முடிவாயிற்று. தானியங்கி வால்வுகளை வாங்கும் திட்டத்தையும் கைவிட்டார்கள்.

ஆர்சிசிபி விழுந்த கதை

புதிய பேனலை இயக்கியதும் ஆர்சிசிபி விழுந்தது. கொதிகலன் ஹீட்டரைத் தேர்ந்தால் மட்டும் விழுந்தது. புது ஒயரிங்கைத்தான் முதலில் சந்தேகித்தோம். பாதி நாள் அதிலேயே போனது. “ஒரே ஒரு தடவை ஆர்சிசிபி இல்லாமல் போட்டுப் பார்த்துவிடலாமா?” என்று பட்டறைக்காரர் கேட்டார். ஈரத் தரை, எஃகுத் தொட்டி, 22 ஆம்பியர். மறுத்துவிட்டேன்.

காப்புத்தடையை அளக்கும் மெக்கர் கொண்டு பார்த்தபோது ஹீட்டரின் கம்பிக்கும் உறைக்கும் இடையிலான காப்புத்தடை மிகவும் இறங்கியிருந்தது. இத்தகைய ஹீட்டரில் உள்கம்பியைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு தூள் நிரப்பியிருக்கும். அது ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. பேனல் வேலை நடந்த வாரங்களில் கழற்றிய ஹீட்டர் ஈரமான மூலையில் கிடந்திருக்கிறது. உலர்ந்த சூட்டில் பல மணி நேரம் வைத்து மீண்டும் அளந்தபோது காப்புத்தடை பழைய நிலைக்கு வந்தது. ஆர்சிசிபி அதன்பிறகு விழவில்லை.

வேண்டுமென்றே உண்டாக்கிய பழுதுகள்

மால்ட் போடுவதற்கு முன், வெறும் தண்ணீரை வைத்து, ஒவ்வொரு பழுதையும் நாமே உண்டாக்கிப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தினேன். இருவருக்கும் இதில் பொறுமை குறைவு. அடுத்த பீருக்கு அவசரப்பட்டார்கள்.

முதலில் சென்சார் ஒயரைப் பிடுங்கினோம். பரவலாகப் பயன்படும் நிரல் நூலகம், டிஎஸ்18பி20 இணைப்பு அறுந்தால் -127 என்ற எண்ணைத் திருப்பித் தரும். பழைய நிரல் அதை உண்மையான வெப்பமாகவே எடுத்துக்கொண்டு ஹீட்டருக்கு 100 விழுக்காடு கொடுத்தது. இதே சென்சார் மின்சாரம் தடைப்பட்டு மீண்டும் எழும்போது, முதல் அளவீட்டுக்கு முன் 85 டிகிரி என்று சொல்லும். அதன் தொடக்க மதிப்பு அது. -127 முட்டாள்தனமான எண் என்று பார்த்தவுடன் தெரியும். 85 அப்படியல்ல, காய்ச்சும் இடத்தில் நம்பத் தகுந்த எண். ஒரு விநாடியில் சில டிகிரிக்கு மேல் தாவும் அளவீட்டையும், இயலாத எண்ணையும் நிரல் ஏற்கக் கூடாது என்றும், அடுத்தடுத்து வந்தால் காவல் ரிலேயை விழச்செய்ய வேண்டும் என்றும் மாற்றினார் நிரலாளர்.

அடுத்து, மின்சாரத்தைத் துண்டித்து, ரிலேயின் வெளிமுனைகளை ஒரு கம்பியால் இணைத்து, பேனலை மூடி, பிறகு இயக்கினோம். கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர் கண்டுபிடித்து, சில விநாடிகளில் கான்டாக்டர் விழுந்தது. காவல் ரிலேயைச் சங்கிலியிலிருந்து விலக்கி மீண்டும் செய்தோம். தண்ணீர் ஏறிக்கொண்டே போய், தெர்மோஸ்டாட் தன் எண்ணில் திறந்தது.

எதிர்பாராதது மூன்றாவது சோதனையில் வந்தது. பம்பை நிறுத்தினோம். சுருளின் வெளிவாயிலிருந்த சென்சார், ஓட்டமில்லாத குழாயில் மெதுவாக ஆறியது. நிரல் அதைப் பார்த்து வெந்நீர்த் தொட்டியைத் தன் உச்சவரம்புவரை ஏற்றிவைத்தது. இனிப்புப் பீரைச் சரிசெய்த அதே சென்சார் மாற்றம்தான் இந்தக் குருட்டுத்தனத்தை உண்டாக்கியிருந்தது. ஓட்டம் இருக்கும்வரைதான் அந்த இடத்து வெப்பத்துக்கு அர்த்தம். சக்கர வகை ஃப்ளோ சென்சார் ஒன்றைச் சேர்த்தோம். ஓட்டம் இல்லையென்றால் மாஷ் கட்டத்தில் ஹீட்டருக்குக் கட்டளை போகாது. அந்தச் சக்கரத்தில் உமி சிக்கத்தான் செய்யும். சிக்கினால் ஓட்டம் இல்லை என்று சொல்லும், ஹீட்டர் நிற்கும். தவறுவதாக இருந்தால் அந்தப் பக்கம் தவறட்டும் என்று விட்டுவிட்டோம்.

பின்னர்

அதன்பிறகு நடந்த காய்ச்சல்களில் முடிவு அடர்த்தி 1.011, 1.012 என்ற எல்லைக்குள்ளேயே இருந்திருக்கிறது. அவர்கள் தொடக்கத்தில் விரும்பியது கைகூடியது. சங்கிலி சில முறை விழுந்திருக்கிறது: ஃப்ளோ சென்சாரில் உமி, மிதவையை இறுக்கிக் கட்டிய பிழை, ஒருமுறை நிரல் உறைந்தது. ரிலே மறுபடி கெடவில்லை. ஹீட் சிங்க்கைக் காய்ச்சலின் நடுவே தொட்டுப் பார்த்தால் கை பொறுக்கும் சூடுதான்.

எரிச்சலும் இல்லாமலில்லை. உமி சிக்கி ஹீட்டர் நிற்கும் ஒவ்வொரு முறையும் ஃப்ளோ சென்சாரைத் தவிர்த்துவிடும் சுவிட்ச் ஒன்று வேண்டும் என்று பட்டறைக்காரர் கேட்கிறார். நிரலாளர் இதுவரை கொடுக்கவில்லை. சக்கரத்துக்கு முன்னால் எளிதில் கழற்றிக் கழுவக்கூடிய சல்லடை ஒன்றைப் பட்டறையில் செய்துவருகிறார்கள்.

மாற்ற வேண்டியவை

மறுபடி தொடங்கினால் வேலையின் வரிசையை மாற்றவேண்டும் என்று மூவரும் ஒப்புக்கொண்டோம். தொட்டி, நிரல், வரைபடம் என்று போய்ப் பாதுகாப்பைக் கடைசியில் ஒட்டவைத்தார்கள். கான்டாக்டரும் சங்கிலியும் முதலில் வந்திருந்தால், நிரலே இல்லாமல், தொடக்கப் பொத்தானையும் தெர்மோஸ்டாட்டையும் மட்டும் வைத்துத் தண்ணீரைச் சூடாக்கிச் சோதித்திருக்கலாம். பழுதுச் சோதனையை ஆண்டுக்கு ஒருமுறையாவது திரும்பச் செய்யவேண்டும். தெர்மோஸ்டாட் ஒருபோதும் வேலை செய்யாமலே இருந்தால் அது வேலை செய்யுமா என்பது தெரியாது.

ஓர் ஓட்டை இன்னும் மிச்சமிருக்கிறது. கான்டாக்டரின் முனைகளும் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளக் கூடும். ரிலேயும் கான்டாக்டரும் ஒரே நாளில் ஒட்டிக்கொண்டால் சங்கிலியால் பயனில்லை. கான்டாக்டர் உண்மையிலேயே திறந்ததா என்று காட்டும் துணைமுனையைத் தொடக்கப் பொத்தானின் வழியில் இணைத்து, ஒட்டிய கான்டாக்டரோடு அடுத்த காய்ச்சல் தொடங்க முடியாதபடி செய்வது என்று தீர்மானித்திருக்கிறார்கள். அந்த வேலை முடியும்வரை, ஒவ்வொரு காய்ச்சலின் முடிவிலும் தொட்டியைக் காலிசெய்வதற்கு முன் சுவரில் உள்ள எம்சிபியைக் கையால் இறக்கிவிடுகிறார்கள்.